பதினொன்றரை மில்லிமீட்டர்

திண்டிவனம் ரயில் நிலையத்தின் நடைமேடை முடிகிற இடத்தில், வேலிக்கு நட்டிருக்கும் கம்பங்கள் எல்லாம் பழைய தண்டவாளங்கள். கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் அவற்றில் ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டுதான் விழுப்புரம் வண்டிக்குக் காத்திருப்பேன். இரண்டாம் வருடம் மார்கழியில் ஒரு காலை, பனியில் எதிர் நடைமேடைகூடத் தெரியவில்லை. சும்மா கம்பத்தைத் தடவிக்கொண்டிருந்த விரலுக்கு ஏதோ எழுத்து தட்டுப்பட்டது. துருவும் சுண்ணாம்பும் மூடிய, மேடாக வார்த்த எழுத்துகள். நகத்தால் சுரண்டினேன். இரண்டு எழுத்து கிடைத்தது, மூன்றாவது கிடைக்கவில்லை. அதற்குள் வண்டி வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது: அந்த இரும்பு ஒரு காலத்தில் படுத்திருந்தது. அதன்மேல் வண்டிகள் போயின. இப்போது எழுந்து நின்று எனக்குத் தோள் கொடுக்கிறது.

அன்று முழுக்க வகுப்பில் எதுவும் காதில் விழவில்லை.

மறுநாள் அந்தக் கம்பத்தையும் இப்போது வண்டி ஓடுகிற தண்டவாளத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பழையது ஒல்லி. நூலகத்திலும் போனிலும் தேடி, இந்தப் பக்கம் முன்பு ஓடியது மீட்டர் கேஜ் வண்டி என்று தெரிந்துகொண்டேன். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர் இடைவெளி. அந்தச் சின்னப் பாதையிலேயே மின்கம்பி கட்டி, தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மின்சார இன்ஜின் ஓட்டியிருக்கிறார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அதைப் பெயர்த்துவிட்டு இப்போதைய அகலப் பாதையைப் போட்டார்கள். ஆக, நான் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றின்மேல்தான் அப்படி ஒரு ஆசை வந்தது.

மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடினால் போதும், எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டி ஓட ஆரம்பிக்கும். செங்கல் நிறப் பெட்டிகள். எங்களுடையதைவிடக் கொஞ்சம் குள்ளம், கொஞ்சம் ஒடுக்கம். வரப்புகளின் மேலேயும் கிணறுகளின் மேலேயும் சத்தமில்லாமல் ஓடிவரும். மயிலம் மலை இரண்டு வண்டிக்கும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பும். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையின் வெல்லப்பாகு வாடை மூக்கில் ஏறும்போது நான் கண்ணைத் திறப்பேன், அது போயிருக்கும்.

விழுப்புரத்தில் பழைய பேப்பர் கடை ஒன்றில் எனக்கு ஒரு ரயில் கால அட்டவணை கிடைத்தது. அட்டை கிழிந்தது, மீட்டர் கேஜ் பக்கங்கள் மட்டும் முழுசாக இருந்தன. மற்றவர்கள் கதைப் புத்தகம் படிப்பதுபோல் நான் அதைப் படித்தேன். எந்த வண்டி ஒலக்கூரில் நிற்கும், எது நிற்காமல் போகும், எதற்காக எது காத்திருக்கும். ஒரு வண்டிக்கு வழிவிட இன்னொரு வண்டி பேரணியில் ஒதுங்கி நிற்கும் பன்னிரண்டு நிமிடத்தில் அங்கே என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே எத்தனையோ சாயங்காலங்களைக் கழித்திருக்கிறேன். யாரோ இறங்கிக் காலை நீட்டியிருப்பார்கள். யாரோ குழாயில் தண்ணீர் பிடித்திருப்பார்கள். அவ்வளவுதான் இருக்கும். எனக்கு அதுவே போதும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். போட்டித் தேர்வு எழுதி, விழுப்புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக உட்கார்ந்திருப்பதும் நான்தான். இதைத் தணிந்த குரலில் சொல்ல எனக்கு வராது. அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர். அம்மா களை எடுக்கப் போவாள், நூறு நாள் வேலை இருந்தால் அதற்குப் போவாள். ஒலக்கூர் சாலையில் உள்ளே தள்ளி ஒரு காலனியில் எங்கள் வீடு. ஒரு கூடம், ஒரு அறை. அந்த அறையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவர்கள் இருவரும் கூடத்தில் படுத்துக்கொள்கிறார்கள். படிக்கிற பெண் என்பதற்காகக் கொடுத்த அறை. படிப்பு முடிந்தும் நான் திருப்பித் தரவில்லை.

அந்த அறையில்தான் திண்டிவனம் ரயில் நிலையத்தைக் கட்டினேன்.

மூன்றடி நீளத்தில் இரண்டு ஒட்டுப்பலகைகள், சேர்த்தால் ஆறடி. நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. மாதிரி ரயில் செய்கிறவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் அளவு அது. ஆறடிக்குள் முழு நிலையம் அடங்காது. அதனால் நிலையக் கட்டடம், ஒரு நடைமேடை, இரண்டு பாதை, ஒரு வேப்பமரம் என்று நறுக்கிக்கொண்டேன். சுவரெல்லாம் கல்யாணப் பத்திரிகை அட்டை. கூரையின் ஓடுகளுக்கு நெளிவு அட்டையை உரித்து ஒட்டினேன். மின்கம்பங்களுக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. மனிதர்கள் இரண்டு சென்டிமீட்டர் உயரம். கூடை சுமக்கும் பெண்கள், குடை பிடித்தவர், தரையில் உட்கார்ந்தவர் என்று முப்பது பேரைக் காகிதத்தில் வெட்டி நிறம் பூசினேன். காலையில் பலகைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் வந்து கட்டிலின்மேல் படுக்க வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க ஊர் என் கட்டிலில் இருக்கும்.

இந்தப் பழக்கத்தில் எனக்குக் கூட்டாளி ஒருவர்தான். விழுப்புரம் நிலையத்துக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறவர். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் கடையின் மாடியில் இரண்டு மேசையை இணைத்து ஒரு ரயில் பாதை போட்டிருக்கிறார். சுவிஸ் மலையிலோ எங்கேயோ ஓடுகிற வண்டி அது, பைன் மரமெல்லாம் இருக்கும். என் முதல் தண்டவாளமும் இன்ஜினும் அவர் மூலமாக வாங்கியவைதான். வெளிநாட்டு டீசல் இன்ஜின். அதன் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, நான் அட்டையில் செய்த மீட்டர் கேஜ் மின்சார இன்ஜினின் கூட்டை மாட்டினேன். ஒரு ஞாயிறு மதியம் மின்சாரக் குமிழைத் திருகியதும் அது முனகிக்கொண்டே கிளம்பி, வேப்பமரத்தைத் தாண்டி, நடைமேடைக்கு வந்தது.

அம்மா வாசல் படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் முறம்.

"ஏய், இன்னாடி, தானா போவுது?"

"கரண்ட்டுல போவுதும்மா."

"இன்னொரு தபா வுடு."

ஏழு தடவை விட்டேன். எட்டாவது தடவை பக்கத்து வீட்டு அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் வெட்டிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும், என் பொண்ணு ரயிலு ஓட்டுறா என்கிற செய்தி போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணா கூப்பிட்டார். தைப் பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, விழுப்புரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் ரயில் பிரியர்கள் கூடப்போகிறார்கள். புதுச்சேரி, சென்னையிலிருந்து எல்லாம் வருகிறார்கள். மாதிரிகளைக் காட்சிக்கு வைக்கலாம், ஊர்ஜனம் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

"உனக்கு ஒரு டேபிள் போட்டுட்டேன் தங்கச்சி. நம்ம ஊரு ஸ்டேஷனையே பண்ணது நீ ஒருத்திதான். எல்லாரும் சுவிஸ்ஸும் லண்டனும் பண்ணிக்கினு கீறானுங்க, என்னையும் சேத்து."

அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல், உடன் வேலை செய்யும் ஐந்து பெண்களை விழுப்புரத்துக்குக் கிளப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, ஒரு வேளைச் சோற்றைக் கட்டிக்கொண்டு, ரயில் ஏறி, ரயில் பார்க்கப் போவதாக ஏற்பாடு.

காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது. நான் நடைமேடைக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தேன். அம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்து மொச்சை உரித்தபடி ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டி எல்லாம் பச்சை கலர் என்றாள். படத்தைக் காட்டினேன், செங்கல் நிறம்தான். இங்கே ஒரு கிணறு இருந்தது என்றாள். அது ஒலக்கூரில் இருந்த கிணறு என்று அப்பா கூடத்திலிருந்தே திருத்தினார். தோற்றுப்போன கடுப்பில் கூடைக்காரி பொம்மை ஒன்றை விரலில் எடுத்துப் பாதைக்குக் குறுக்கே நடத்தினாள்.

"ஒண்ணு, ரெண்டு." மறுபக்கம் இறக்கினாள். "இன்னாடி, நீ போட்டுக்கீறது இப்ப ஓடுற பெரிய லைனா?"

"சின்ன லைனும்மா. எத்தினி தபா சொல்றது, மீட்டர் கேஜ்."

"சின்ன லைனுன்னா நடுவுல ஒரு காலுதான் வுழும். தலையில மூட்டையோட எத்தினி தபா தாண்டிக்கீறோம். ஒரு கால உள்ள வச்சா அடுத்த காலு வெளியே. இந்தப் பெரிய லைனு வந்த பெறவுதான் உள்ள ரெண்டு காலு வைக்க வேண்டியதாப் போச்சு. ஜல்லி கொட்டுனப்போ நாங்கதான் அதுல மொத மொத நடந்தது."

"நீ ஜல்லி கொட்டுனியா?"

"கொட்டாம? ஒலக்கூருல இருந்து இந்தாண்ட நாலு மாசம். கான்ட்ராக்டுல. உன்னத் தூளியில போட்டுட்டு."

மொச்சைத் தோலை முந்தானையிலிருந்து உதறிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்கு அது அவ்வளவுதான். நான் ஐந்து வருடமாக அந்தப் பாதையின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அதன் இடத்தில் புதிதைப் போட்ட ஒருத்தி கூடத்தில் படுத்திருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. ஸ்கேலை எடுத்துத் தண்டவாளத்தின்மேல் வைத்தேன். பதினாறரை மில்லிமீட்டர். ஒரு மீட்டரை எண்பத்தேழால் வகுத்தேன். பதினொன்றரை. கையால் வகுத்தேன், போனில் வகுத்தேன். கட்டடத்தை வகுத்திருந்தேன், கதவை வகுத்திருந்தேன், வேப்பமரத்தைக்கூட வகுத்திருந்தேன். தண்டவாளத்தை மட்டும் பெட்டியில் வந்தபடியே பிரித்து ஒட்டிவிட்டேன். கடையில் வாங்கியதை அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பதினாறரையைத் திருப்பிப் பெருக்கிப் பார்த்தால் நம் ஊர் அகலப் பாதையும் வரவில்லை, அதிலும் குறைவு. அது ஐரோப்பாவில் ஓடுகிற அகலம். திண்டிவனத்தின் நடுவே நான் ஐரோப்பாத் தண்டவாளம் போட்டிருந்தேன்.

இந்தக் குடும்பத்தில் வகுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

மறுநாள் அலுவலகம் விட்டதும் அண்ணாவின் கடைக்குப் போனேன். அவர் ஒரு போனின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அட, தெரிஞ்சிடுச்சா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?"

"தெரியும் தங்கச்சி. மீட்டர் கேஜுக்குப் பன்னெண்டு மில்லிமீட்டர் தண்டவாளம் தனியா வருது. அதுக்கு இன்ஜினு இங்க கெடைக்காது, வெளிய ஆர்டர் பண்ணா சித்திரையிலதான் வரும். யாரு ஸ்கேலு வச்சி அளக்கப் போறா? ஓடுனாப் போதும். கூட்டம் ஓடுறதத்தான் பாக்கும்."

"தண்டவாளத்த நானே சின்னதாக்கிட்டா?"

"ஆக்கலாம். அப்புறம் உன் இன்ஜினு அதுல நிக்காது. சக்கரம் அகலம். ஸ்டேஷன் இருக்கும், வண்டி இருக்காது. பேஜாரு புடிச்ச வேலை. வேணாம்."

ஆக, இரண்டில் ஒன்று. ஓடுகிற தப்பு, அல்லது ஓடாத சரி.

அம்மாவிடம் கேட்கக் கூடாது என்றுதான் வந்தேன். சோறு போடும்போது கேட்டுவிட்டேன்.

"ஓடுறதுதான்டி ரயிலு. ஓடலன்னா அது பொட்டி," என்றாள். "நான் அஞ்சு பேர இட்டுக்கினு வர்றேன்னு சொல்லிட்டேன். டிக்கெட் எடுத்து வந்து பொட்டியப் பாத்துட்டுப் போவாளுங்களா? சும்மாவே அவளுங்க என்ன வாயத் தொறக்க வுடமாட்டாளுங்க."

"நீதானே சின்ன லைன்ல ஒரு காலுதான் வுழும்னு சொன்ன?"

"சொன்னேன். அதுக்குன்னு? பொம்மைக்கு இன்னா, காலா வலிக்கப்போவுது?"

அப்பா சிரித்துப் புரையேறினார்.

இரண்டு நாள் அப்படியே விட்டேன். காலை வண்டியில் போகும்போது கண்ணைப் பாதி மூடிப் பார்த்தேன். பக்கத்தில் ஓடிவரும் அந்தச் செங்கல் நிற வண்டி வந்தது. ஆனால் இந்தத் தடவை என் கண் அதன் சக்கரத்துக்கே போனது. கனவில்கூட அது பதினாறரையில் ஓடிக்கொண்டிருந்தது. வயல்மேல் ஓடுகிற வண்டிக்குத் தண்டவாளமே கிடையாது, அதற்கு எது அகலம் எது குறுக்கம்? இருந்தும் தெரிந்தது. தப்பு என்று தெரிந்த பிறகு அந்த வண்டியை என்னால் பார்க்க முடியவில்லை. விக்கிரவாண்டி வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை தண்டவாளத்தைப் பெயர்த்தேன். வெந்நீர்த் துணியை மேலே போட்டால் பசை இளகும். மெதுவாகக் கத்தியை விட்டு நெம்பினால் பிளாஸ்டிக் கட்டைகளோடு வரிசையாகக் கழன்று வரும். கட்டைகளிலிருந்து கம்பியை உருவிக்கொண்டேன். கம்பி பழையது, கட்டைதான் புதிது. நிஜத்தில் இந்தப் பாதையை அகலமாக்கினார்கள். நான் ஒரு கட்டிலின்மேல் அதைத் திரும்பவும் ஒடுக்கிக்கொண்டிருந்தேன்.

கட்டைக்கு என்ன செய்வது என்று வீடு முழுக்கத் தேடி, கடைசியில் தொடப்பத்தைப் பிரித்தேன். தென்னை ஈர்க்கு சரியான தடிமன். இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வைத்து நறுக்கினால் மரக்கட்டையேதான். ஒரு பாதைக்கு இருநூறுக்கும் மேல். டீத் தூள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தேன், வெயிலில் கிடந்த மரத்தின் நிறம் வந்தது.

"தொடப்பம் எங்கடி?"

"ரயிலுக்குப் போயிடுச்சும்மா."

"உன் ரயிலுல வெளக்குமாத்தால அடிக்க! புதுத் தொடப்பம்டி அது!"

பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை நறுக்கிப் பதினொன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு அளவுகோல் செய்துகொண்டேன். ஒரு கம்பியை ஒட்டியதும், அளவுகோலை வைத்து, மறு கம்பியை அதோடு ஒட்டி அழுத்திப் பிடித்து, ஐம்பது வரை எண்ண வேண்டும். பிறகு அரை அங்குலம் நகர வேண்டும். பிறகு ஐம்பது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அரை மணி, சாயங்காலம் ஒரு மணி. ஐம்பது எண்ணும்போது மனம் எங்கேயோ போய்விடும். ஒலக்கூருக்கு இந்தப் பக்கம், வெயிலில், இரும்புச் சட்டி சட்டியாக ஜல்லி கொட்டுகிற பெண்கள். புளியமரத்தில் ஒரு தூளி. உள்ளே நான். கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் கடைசிக் கடைசியாக அந்தச் சின்னப் பாதையைப் பார்த்திருப்பேன். பார்த்தேனோ என்னவோ. அளவுகோலை எடுத்து நகர்த்துவேன். பிறகு ஐம்பது.

ஜல்லிக்கு மணலைச் சலித்துத் தூவினேன். பெட்டிகள் மூன்று அட்டையில் ஏற்கெனவே இருந்தன. அவை பாதையில் ஒழுங்காக உட்கார வேண்டுமே என்று ஜாக்கெட்டுக்குத் தைக்கிற அமுக்குப் பட்டன்களைச் சக்கரமாக வைத்து, ஊக்குக் கம்பியில் கோர்த்தேன். இன்ஜினின் அட்டைக் கூட்டுக்கும் அதேதான். மோட்டாரை எடுத்து டிராயருக்குள் வைத்தேன்.

எல்லாம் முடிந்தபின் அம்மா மறுபடி கூடைக்காரியை எடுத்துக் குறுக்கே நடத்தினாள். நடுவில் ஒரு கால்தான் விழுந்தது. பொம்மையை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, "அவளுங்ககிட்ட நான் இன்னா சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

"நின்னுக்கினு இருக்கிற ஸ்டேஷன்னு சொல்லும்மா" என்றேன். அது என் காதுக்கே நன்றாக இல்லை.

ஞாயிறு காலை அப்பாவும் நானும் பலகைகளைப் பழைய போர்வையில் சுற்றி ஷேர் ஆட்டோவில் ஏற்றித் திண்டிவனம் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். நடைமேடைப் பெஞ்சின்மேல் கிடத்தினோம். போர்வை ஒரு மூலையில் விலகியிருந்தது. அதன் வழியே என் நிலையத்தின் கூரை தெரிந்தது, அதற்குப் பின்னால் நிஜக் கூரை. மார்கழி போய்விட்டாலும் பனி போகவில்லை. நிலையத்துக்குள் ஒரு நிலையம் ரயிலுக்குக் காத்திருந்தது. என் முப்பது காகித மனிதர்களும் எங்களைப் போலவே சென்னைப் பக்கம் பார்த்தபடி இருந்தார்கள். பெரியது எது சின்னது எது என்று ஒரு கணம் எனக்குக் குழம்பிவிட்டது. மேலே யாராவது குனிந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று அண்ணாந்தேன். பனிதான் இருந்தது.

"மூட்டை தூக்கிக்கினு இருக்கேன், ஊரையே தூக்க வச்சிட்டா," என்று அப்பா பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அவரும் ஒரு கை பிடித்தார். வண்டியில் கதவோரம் பலகைகளை நிறுத்தி, இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு, மயிலமும் பேரணியும் கடந்து போனோம்.

மண்டபத்தில் எட்டு மேசைகள். ஏழில் வண்டிகள் ஓடின. ஒன்றில் நிஜமாகவே புகை விட்டது. அண்ணாவின் சுவிஸ் வண்டி குகைக்குள் போய் வெளியே வந்துகொண்டிருந்தது, குழந்தைகள் அதைச் சுற்றி நகரவில்லை. என் மேசைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள், "நம்ம திண்டிவனமா?" என்றார்கள், கூரையைத் தொட்டுப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். சென்னையிலிருந்து வந்த ஒருவர் மட்டும் குனிந்து, பையிலிருந்து ஒரு அளவுகோலை எடுத்து என் பாதையின்மேல் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கையால போட்டதா?" என்றார். ஆமாம் என்றேன். பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அண்ணா தூரத்திலிருந்து எனக்குப் புருவத்தை உயர்த்திக் காட்டினார். அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் தரையில் நிற்கவில்லை.

பதினொரு மணிக்கு அம்மா வந்தாள். பட்டுப்போல இருக்கிற சேலை, தலையில் கதம்பம். பின்னால் ஐந்து பேர், ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தூக்கு அல்லது பை. மற்ற மேசைகளைப் பார்க்காமல் நேராக என் மேசைக்கு வந்து வரிசையாக நின்றார்கள். நின்று, பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி பலகையைப் பார்த்தார்கள்.

"இன்னாக்கா, ஓடுதுன்னியே?" என்றாள் ஒருத்தி.

"அங்க எல்லாம் ஓடுது. இவளுது மட்டும் படுத்துக்கினு கீது."

"எங்கக்கா வாயில ரயிலு, கையில பொட்டி."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. நடைமேடையின் முனையில் நான் நட்டிருந்த சிக்னலை விரலால் காட்டினாள். குண்டூசியின் தலையில் சிவப்பு வைத்திருந்தேன்.

"கண்ணு தெரியல? சிவப்பு போட்டுக்கீது பாரு. பச்ச வுழுந்தாத்தான வண்டி வரும்? உன் வூட்டு வண்டியா, நீ வந்ததும் கெளம்பறதுக்கு? குந்துங்கடி."

அவர்கள் உட்கார்ந்தார்கள். சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்து, மேசையைப் பார்த்தபடி வரிசையாக. ஒருத்தி அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்தாள். இந்த இடத்துலதான் சோடாக் கடை இருந்தது என்றாள் இன்னொருத்தி. இல்ல, அது அந்தாண்ட. ஜல்லி வேலையில மேஸ்திரி விசில் ஊதுவானே, அந்தத் தடியன். அவன் செத்துட்டான். எப்போ? குரல்கள் தாழ்ந்து, இழுத்து, நின்று, தொடர்ந்தன. மண்டபத்தின் மற்ற ஏழு வண்டிகளும் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. இந்த ஐந்து பேரும் ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் உட்காருவதுபோலவே உட்கார்ந்திருந்தார்கள், பையை மடியில் வைத்து, வரப்போகிற பக்கம் முகத்தைத் திருப்பி.

அம்மா மட்டும் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் அந்தப் பொய்யைத் தாங்குவது என்று கணக்குப் போடுகிற முகம். நான் அதை அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் யாரிடமும் பெருமை பேசி மாட்டிக்கொண்டதில்லை.

எனக்கு என் பாதையின் அகலம் சரி என்று தெரியும். அளவுகோல் வைத்துப் பார்த்தவருக்கும் தெரியும். அந்தச் சரியை இடுப்பில் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரை அங்கே நின்றிருக்கலாம். காட்சிக்கு வைத்த மாதிரியைக் கையால் தள்ளுவது சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலை. சிவப்பு விளக்கைத் தாண்டி வண்டியைக் கொண்டுவருவது ரயில்வேயில் அதைவிடப் பெரிய தப்பு, அதற்கு மன்னிப்பே கிடையாது. இரண்டும் தெரிந்துதான் பலகையின் ஒலக்கூர்ப் பக்க மூலைக்குப் போனேன். அங்கே கோர்த்து நிறுத்தியிருந்த மூன்று பெட்டிகளின் பின்னால் ஆள்காட்டி விரலை வைத்தேன்.

தள்ளினேன். அமுக்குப் பட்டன்கள் கடகடவென்று உருண்டன. மோட்டாரில் ஓடியபோதுகூட அப்படி ஒரு சத்தம் வரவில்லை. வேப்பமரம் தாண்டியது.

"வருது, வருது!"

ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி பழக்கத்தில் பையைத் தோளில் மாட்டினாள்.

"ஏய், சிவப்புலயே வருதுடி!"

"அவ கொண்டாந்தா வரும்," என்றாள் அம்மா. அப்போதுதான் நாற்காலியை விட்டாள். குனிந்து, பெட்டி பலகையின் நடு இணைப்பில் தட்டி நின்றபோது, தன் விரலை என் விரலுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பேருமாகத் தள்ளி அதை நடைமேடையில் கொண்டுவந்து நிறுத்தினோம்.

"லேட்டு," என்று மல்லாட்டைக்காரி சொன்னாள். "எப்பவும் போல."